அறுபதாம் கல்யாண வீடியோவும் திணறும் பிரிவ்யூவும்

கேள்வி: போன மாதம் திருக்கடையூரில் அப்பா அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. தம்பியும் மாமா பையனும் போனில் எடுத்த வீடியோக்களை ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு நானே எடிட் செய்கிறேன். இதுவரை நான்கு நிமிடம்தான் முடிந்திருக்கிறது. பிளே செய்தால் படம் நின்று நின்று ஓடுகிறது. சத்தம் தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக வாயசைவோடு பொருந்தவில்லை. ஒரு கிளிப் திறக்கவே மாட்டேன் என்கிறது. லேப்டாப் 8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். ரேமை 16 ஜிபி ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, மூன்று. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றுமே கோப்புகளில் இருந்து வருகின்றன. ரேமை இரண்டு மடங்கு ஆக்கினாலும் இதில் ஒன்றுகூட முழுதாகத் தீராது.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். பிரிவ்யூ, அதாவது எடிட் செய்யும்போது திரையில் ஓட்டிப் பார்ப்பது, திக்குகிறது என்பதால் உங்கள் வீடியோ கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பிளே பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டருக்கு ஒரு கெடு தொடங்கிவிடுகிறது. வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள், ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது சுமார் 17 மில்லிசெகண்ட். அதற்குள் கோப்பைப் படித்து, சுருக்கி வைத்திருப்பதை விரித்து, நீங்கள் போட்ட ஃபில்டரையும் சேர்த்துத் திரையில் காட்டியாக வேண்டும். முடியாவிட்டால் சில ஃப்ரேம்களை விட்டுவிட்டு சத்தத்தோடு ஓடிப்போகும். எடிட் செய்ததை முழு வீடியோ கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்டுக்கு அந்தக் கெடு கிடையாது. ஒரு ஃப்ரேமுக்கு அரை நொடி ஆனாலும் காத்திருந்து முடித்துத் தரும். அதனால் ஒரு புது பிராஜெக்டில் ஒரே ஒரு கிளிப்பை வைத்து, ஒரு நிமிடம் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது வழவழவென்று ஓடினால் திணறுவது பிரிவ்யூ மட்டும்தான். எக்ஸ்போர்ட் செய்த வீடியோவிலும் வாயசைவு பொருந்தவில்லை என்றால் அந்தக் குறை கோப்பிலேயே இருக்கிறது.

அடுத்தது, திணறுவது எது என்று கண்டுபிடிப்பது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஓரமாக வைத்துக்கொண்டு, ஷாட்கட்டில் பிளே செய்யுங்கள். சி.பி.யு. 90, 100 சதவீதம் என்று போய் நின்றால் சிக்கல் விரிக்கும் வேலையிலோ ஃபில்டரிலோ இருக்கிறது. டிஸ்க் 100-இல் நின்றால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்பு தேவையான வேகத்தில் வந்து சேரவில்லை. மெமரி நிரம்பி, கூடவே டிஸ்க்கும் 100-இல் நின்றால்தான் கடைக்காரர் சொன்ன ரேம் பிரச்சினை. உங்கள் விஷயத்தில் சி.பி.யு.தான் மாட்டும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். எந்த ஃபில்டரும் இல்லாத கிளிப்பைத் தனியாக ஓட்டிப் பாருங்கள். அதுவே திக்கினால் ஃபில்டர் மேல் பழி இல்லை.

ஏன் இப்படித் திணறுகிறது? இன்றைய போன்கள் பெரும்பாலும் ஹெச்.264 அல்லது ஹெச்.இ.வி.சி. என்ற முறையில்தான் பதிவு செய்கின்றன. மளிகைக் கடைக் கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒன்றாம் தேதி முழு இருப்பை எழுதிவிட்டு, மற்ற நாட்களில் வந்ததையும் போனதையும் மட்டும் குறிப்பார்கள். இருபதாம் தேதி இருப்பு எவ்வளவு என்று கேட்டால், ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டு வர வேண்டும். வீடியோவும் அப்படித்தான். எப்போதோ ஒரு முழு ஃப்ரேம், நடுவில் வருவதெல்லாம் மாறிய பகுதி மட்டும். போதாததற்கு, சில ஃப்ரேம்கள் தனக்குப் பின்னால் வரப்போகும் ஃப்ரேமையும் பார்த்து எழுதப்பட்டிருக்கும். நேராக ஓட்டிப் பார்க்க இது அருமையான முறை. எடிட்டிங்கில் நாம் அங்கே தாவுகிறோம், இங்கே பின்னால் இழுக்கிறோம், இரண்டு கிளிப்பை ஃபேட் செய்து ஒரே நேரத்தில் ஓட்டுகிறோம். ஒவ்வொரு தாவலுக்கும் கணக்கை முதலிலிருந்து கூட்ட வேண்டியிருக்கிறது.

அளவையும் சொல்லிவிடுகிறேன். 4கே என்ற பெரிய பட அளவில், நொடிக்கு 60 ஃப்ரேம், ஹெச்.இ.வி.சி. முறையில் ஐபோன் எடுக்கும் வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி. நொடிக்கு 7 எம்பிகூட வராது. உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க் அதை அலட்டிக்கொள்ளாமல் தரும். ஆனால் விரித்தபின் ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 12 எம்பி, 60 ஃப்ரேமுக்கு 700 எம்பிக்கு மேல். ஒவ்வொரு நொடியும் அவ்வளவையும் விரித்துக் கொடுக்கும்போதுதான் லேப்டாப்புக்கு மூச்சு வாங்குகிறது.

இதற்கு மருந்து பிராக்ஸி. அசல் கோப்பைத் தொடாமல், சிறிய அளவில் ஒரு நகல் செய்து, எடிட் செய்யும்போது அதைக் காட்டுவது. 4கே ஃப்ரேமில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 540பி என்ற சிறிய அளவு நகலில் 5 லட்சத்துச் சொச்சம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஷாட்கட்டின் செட்டிங்ஸ் மெனுவில் 'பிராக்ஸி' என்பதற்குள் 'யூஸ் பிராக்ஸி'யை டிக் செய்யுங்கள். அதே மெனுவில் 'பிரிவ்யூ ஸ்கேலிங்' என்பதில் 540பி வையுங்கள். அதன்பின் சேர்க்கும் கிளிப்களுக்கு ஷாட்கட் தானே நகல் செய்யத் தொடங்கும். 'ஜாப்ஸ்' பகுதியில் வேலை ஓடுவது தெரியும். அது முடியும்வரை பொறுமையாக இருங்கள். பாதியில் டைம்லைனை (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பகுதி) ஓட்டினால் இன்னும் மோசமாகத் திக்கும். திரையில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், எக்ஸ்போர்ட் செய்யும்போது அசல் கோப்பைத்தான் எடுக்கும்.

ஷாட்கட்டில் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாமலே போகிறது. 'வீடியோ மோட்' ஆட்டோமேட்டிக்கில் இருந்தால், நீங்கள் முதலில் போடும் கிளிப் எதுவோ அதன் அளவே முழு பிராஜெக்டுக்கும் வந்துவிடும். தம்பியின் 4கே 60 கிளிப்பை முதலில் போட்டிருந்தால் மற்ற எல்லாமே 4கே 60-ஆக நடக்கும், மாமா பையன் சாதாரண ஹெச்.டி.யில் எடுத்தது உட்பட. வீட்டு டிவிக்கும் உறவினர்களின் போனுக்கும் 1080பி (ஹெச்.டி. அளவு), 30 ஃப்ரேம் தாராளம். வேலை பாதியில் இருக்கும்போது ஃப்ரேம் வேகத்தை மாற்றினால் வெட்டிய இடங்கள் நகர்ந்துவிடும். நான்கு நிமிடம்தானே முடிந்திருக்கிறது, புது பிராஜெக்ட் தொடங்கிவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. நாற்பது நிமிடம் முடித்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அப்படியே விட்டு, எக்ஸ்போர்ட்டில் மட்டும் அளவைக் குறைக்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது சத்தம். இதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் பிராக்ஸி இதைச் சரிசெய்யாது, எக்ஸ்போர்ட்டிலும் கூடவே வந்துவிடும்.

முதலில் காதில் இருப்பதைக் கழற்றுங்கள். புளூடூத் ஹெட்ஃபோன் என்றால் சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்கோ கால் பங்கோ தாமதமாகத்தான் வந்து சேரும். லேப்டாப் ஸ்பீக்கரிலோ ஒயர் ஹெட்ஃபோனிலோ கேளுங்கள். ஆனால் புளூடூத் தாமதம் முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக இருக்கும். உங்களுக்கு ஆரம்பத்தில் பொருந்தி, போகப் போக விலகுகிறது. அது வேறு நோய்.

கோயில் மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. இருட்டானால் போன் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்கிக்கொள்ளும். அப்போது நொடிக்கு 30 எடுக்க வேண்டியது 24, 27 என்று இறங்கும். பிரகாரத்துக்கு வந்தால் மறுபடி 30. இப்படி மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தைத்தான் வேரியபிள் ஃப்ரேம் ரேட் என்கிறார்கள். சத்தம் மட்டும் சீராகப் பதிவாகிறது. எடிட்டிங் மென்பொருளோ எல்லா ஃப்ரேமும் ஒரே இடைவெளியில் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுகிறது. விலகல் அங்கேதான் பிறக்கிறது.

உறுதிசெய்ய வாயசைவைப் பார்க்காதீர்கள், தவிலைப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டும் இடத்தில் நிறுத்தி, இடது வலது அம்புக் குறிகளால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். தவில் குச்சி தோலில் படும் ஃப்ரேமைப் பிடியுங்கள். டைம்லைனில் சத்தத்தின் அலைக்கோடு அதே இடத்தில் செங்குத்தாக எழும்ப வேண்டும். கிளிப்பின் தொடக்கத்தில் ஓர் அடியையும் கடைசியில் ஓர் அடியையும் இப்படி ஒப்பிடுங்கள். முதலில் ஒரு ஃப்ரேம், கடைசியில் பத்து ஃப்ரேம் என்று வித்தியாசம் வளர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தாலும் 'ஃப்ரேம் ரேட் மோட்' என்ற வரியில் 'வேரியபிள்' என்று எழுதியிருக்கும்.

இதைத் தீர்க்க, எடிட்டுக்கு முன்பே கோப்பை ஒரே வேகத்துக்கு மாற்ற வேண்டும். இப்படிப்பட்ட கோப்பைத் திறக்கும்போது ஷாட்கட்டே "எடிட்டுக்கு ஏற்றபடி மாற்றட்டுமா?" என்று கேட்கும். அவசரத்தில் மூடியிருப்பீர்கள், பலரும் செய்வதுதான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளிலும் செய்யலாம். உங்கள் லேப்டாப்புக்கு நான் அதையே பரிந்துரைப்பேன், அளவும் கூடவே 1080பி ஆகிவிடும். 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. வீடியோ பகுதியில் 'பீக் ஃப்ரேம் ரேட்' என்று இருப்பதைக் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்று மாற்றினால்தான் நாம் நினைத்தது நடக்கும். தர அளவை 22-இலிருந்து 18-க்கு இறக்குங்கள். இங்கே எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். எல்லாக் கிளிப்பையும் வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி ஓட விடுங்கள். அசல் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

சில்லறை விஷயங்களும் உண்டு. லேப்டாப்பை சார்ஜரில் போட்டு எடிட் செய்யுங்கள், பேட்டரியில் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோப்புகளை பென் டிரைவிலோ போனிலோ வைத்து நேராக எடிட் செய்ய வேண்டாம். ஒன்டிரைவ் போல இணையத்தோடு இணைந்த ஃபோல்டரிலும் வேண்டாம், பின்னணியில் அது அப்லோடு செய்துகொண்டே இருக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததை வாங்காதீர்கள். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் அசல் தரம் வரும்.

ரேம் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பொய்யல்ல. ஷாட்கட்டை உருவாக்கியவர்களே ஹெச்.டி.க்கு 8 ஜிபி, 4கே-க்கு 16 ஜிபி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் மேலே சொன்னபடி மாற்றினால் நீங்கள் செய்வது ஹெச்.டி. வேலை, இருக்கும் 8 ஜிபி போதும். செலவு செய்தே தீருவது என்றால் முதலில் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போடுங்கள். விரிக்கும் வேலை அதனால் வேகமாகாது. ஆனால் லேப்டாப் திறப்பதிலிருந்து கோப்பு நகல் எடுப்பதுவரை மற்ற எல்லாம் சுறுசுறுப்பாகும்.

கடைசியாக, திறக்காத அந்தக் கிளிப். முதலில் வி.எல்.சி. என்ற வீடியோ பிளேயரில் போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் ஹேண்ட்பிரேக்கில் மாற்றி உள்ளே கொண்டுவந்துவிடலாம். அங்கேயும் ஓடவில்லை என்றால், போனிலிருந்து நகல் எடுக்கும்போது பாதியில் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். போன் எடுக்கும் எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் பெரும்பாலும் வாலில்தான் எழுதப்படுகிறது. வால் வந்து சேராவிட்டால், முன்னால் உள்ள படமெல்லாம் நன்றாக இருந்தாலும் எந்த வீடியோ பிளேயராலும் எடிட்டராலும் அதை நேராகத் திறக்க முடியாது. லேப்டாப்பில் உள்ள கோப்பின் அளவையும் போனில் உள்ளதன் அளவையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் கேபிள் போட்டு மறுபடி நகல் எடுங்கள். அளவு ஒன்றாக இருந்தும், போனிலேயே ஓடவில்லை என்றால், பதிவின் நடுவே போன் அணைந்திருக்கலாம். அதே போனில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை மாதிரியாக வைத்து மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, முயற்சி செய்யலாம். எப்படியானாலும் அசல் போனில் இருந்தாக வேண்டும். விழா முடிந்து ஒரு மாதம் ஆகிறது, இடம் போதவில்லை என்று பழைய வீடியோக்களை அழிக்கும் நேரம் இது. அந்தக் கிளிப்பை எடுத்தவருக்கு இன்றைக்கே போன் போட்டு, அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.