மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, இலங்கை மலையகத்தில் மனநலச் சிகிச்சையில் இருந்த இளைஞர்களுக்கு அரசாங்கம் என்ன செய்தது?

கேள்வி கேட்டவர் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைக்கிறேன். "2022 நெருக்கடியில் இலங்கை அரசு மருந்துக்காக எடுத்த நடவடிக்கைகளைச் செய்தியில் படித்தேன், இளைஞர் மனநலச் சேவைகள் பற்றியும் படித்தேன், தோட்டப் பகுதிகளுக்கு இவை வந்து சேர்ந்தனவா?" என்று கேட்டிருக்கிறார். நான் டொக்டரும் இல்லை, அதிகாரியும் இல்லை. மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்போது டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில், அதாவது ஃபோன் கடையில், வேலை. அந்த வருடம் என் தம்பி மருந்தில் இருந்தான். அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

மருந்துக்கு ஏதோ செய்தார்கள். மனசுக்கும் ஏதோ செய்தார்கள். ஆனால் மருந்து ஒரு கோப்பு, மனசு இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த ஆளை நான் காணவில்லை.

தம்பிக்கு 2021 லொக்டவுன் நேரத்தில் தொடங்கியது. பதினைந்து வயது. நாலு நாள் தூங்காமல் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், முற்றத்தில் நின்று ஊருக்கே பிரசங்கம் வைத்தான். அப்புறம் ஒரு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். முனி அடித்திருக்கிறது என்றார்கள், கயிறு கட்டினோம். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்தான் "இது கயித்துக்குக் கேக்காது, கிளினிக்குக்குக் கொண்டு போங்க" என்று அம்மாவிடம் சொன்னார். பைபோலர், அதாவது இருமுனை மனநோய், என்றார்கள். சோடியம் வல்புரோயேட் என்ற மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

கிளினிக் என்று ஒன்று எங்கள் பக்கத்தில் இருந்ததே அரசாங்கம் செய்த காரியம்தான், அதை மறைக்கக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் ஒரு மனநலக் கொள்கை வந்தது. அதற்கு முன்னால் மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் கொழும்புப் பக்கம், அங்கொடையும் முல்லேரியாவும்தான். இன்றைக்கும் எங்கள் ஊரில் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்பது சாதாரண ஏச்சு. அந்தக் கொள்கைக்குப் பிறகு மாவட்டங்களில் மனநலப் பிரிவுகளும் மனநல வைத்திய அதிகாரிகளும் வந்தார்கள். கிளினிக் இலவசம், மருந்தும் இலவசம். சம்பளம் பிடித்தால்தான் சாப்பாடு என்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

கிளினிக்கில் எங்களுக்கு இருந்த கஷ்டம் பாஷை. டொக்டர் நல்ல மனிதர், சிங்களம் மட்டும்தான். தம்பி "ஒரு மாதிரியா இருக்கு சேர், மனசு ஓடிக்கிட்டே இருக்கு" என்று சொன்னால், பக்கத்தில் நின்ற அட்டெண்டன்ட் "சனீப நே கியனவா" என்று முடித்துவிடுவார். சுகமில்லை என்கிறான், அவ்வளவுதான் அதன் அர்த்தம். 'ஒரு மாதிரி'யும் போயிற்று, 'ஓடுவதும்' போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து நானே போனேன். கடையில் சிங்களம் பழகியிருந்தேன். ஆனால் பதினாறு வயதுப் பையன் அக்காவின் வாய் வழியாக டொக்டரிடம் எதைச் சொல்வான், எதை விழுங்குவான்? பாதியை விழுங்கினான்.

சரி, தட்டுப்பாட்டுக்கு வருகிறேன். 2022 ஏப்ரலில் மருந்துக் கவுண்டரிலிருந்து கிளினிக் கொப்பி, அதாவது மருந்து எழுதும் நோட்டு, திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. "வெளிய எடுங்க." எங்கே எடுப்பது, கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்பதற்குள் அடுத்த கொப்பியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பின்னால் இருந்த வரிசை வாசலைத் தாண்டியிருந்தது.

ஏன் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. இலங்கை தன் மருந்தில் பெரும்பகுதியை வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. அரச ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கொழும்பில் மருத்துவ வழங்கல் பிரிவு கணக்குப் போடும், அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் டெண்டர் போட்டு வாங்கும், அங்கிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து எங்கள் கவுண்டருக்கு. டொலர் தீர்ந்தபோது வங்கிகளால் கடன் கடிதம், அதாவது விற்பவருக்குப் பணம் வரும் என்ற வங்கி உறுதி, திறக்க முடியவில்லை. கடன் கடிதம் இல்லாமல் எந்தக் கம்பெனி கப்பலில் ஏற்றும்? மார்ச் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் முன்கூட்டித் திகதி கொடுத்த சத்திரசிகிச்சைகளை மருந்தில்லாமல் நிறுத்தினார்கள். அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்து, எப்படி உதவலாம் என்று கேட்கும்படி தங்கள் தூதுவரிடம் சொன்னதாக ட்விட்டரில் போட்டார். பேராதனையிலேயே அந்த நிலைமை என்றால் எங்கள் கவுண்டருக்கு என்ன மிஞ்சும்.

அரசாங்கம் செய்ததும் அந்த மேல்மட்டத்தில்தான். இந்தியாவின் 100 கோடி டொலர் கடன் வசதியில் உணவோடு மருந்தும் வாங்க ஏற்பாடு செய்தார்கள். உலக வங்கிப் பணத்தில் ஒரு பங்கை மருந்துக்குத் திருப்பினார்கள். நன்கொடை தருகிறவர்களுக்குத் தேவைப் பட்டியல் போட்டார்கள். உங்கள் தமிழ்நாட்டு அரசும் மே 18ஆம் திகதி சென்னையிலிருந்து முதல் கப்பலை அனுப்பியது: 9,000 தொன் அரிசி, 200 தொன் பால்மா, 24 தொன் மருந்து. அரிசி எங்கள் தோட்ட டிவிஷனுக்கும் வந்தது, சாப்பிட்டோம், நன்றி. இன்னொரு பக்கம், ரூபாய் விழுந்ததால் மருந்து விலையை மார்ச்சில் 29 சதவீதம் கூட்ட அனுமதித்தார்கள். ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துகளுக்கு இன்னும் 40 சதவீதம். விலையைக் கூட்டாவிட்டால் யாரும் இறக்குமதி செய்ய மாட்டார்கள் என்ற நியாயம் எனக்கும் புரிகிறது. அம்மாவின் நாள் சம்பளம் அப்போது 1000 ரூபாய், அதுவும் கொழுந்து கிலோ சரியாக இருந்தால். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கிளினிக்குக்குப் போன நாளுக்குப் பேரே இல்லை, சம்பளமும் இல்லை.

கடை ஃபோனிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி என்று ஃபாமசி ஃபாமசியாக அடித்தேன். முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். கடைசியில் கண்டியில் ஒரு தனியார் கடையில் இருந்தது. ஆளுக்கு ஒரு ஸ்ட்ரிப்தான். பஸ்ஸுக்கு டீசல் இல்லை, ரயிலில் படிக்கட்டில் நின்று போய் வாங்கி வந்தேன். பத்து மாத்திரை. நாளைக்கு இரண்டு. ஐந்து நாள்.

அம்மா அதைப் பத்து நாளாக்கப் பார்த்தார். இரவில் குப்பி விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடதாசியில் வைத்து, பிளேடால் ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினார். ஓரத்தில் உதிர்ந்த தூளைக்கூட விரலில் ஒற்றி எடுத்து வைத்தார். அந்த மாத்திரை வெட்டக் கூடாத மாத்திரை. மேலே இருக்கும் பூச்சு, அது வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்க் கரைவதற்காகப் போட்டது. இந்த வகை மருந்தை ஒரேயடியாகக் குறைப்பதும் ஆபத்து. இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டொக்டரிடம் மறுபடி போயிருந்தால் வேறு மருந்துக்கு மாற்றியிருக்கலாம், சிரப் இருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். ஆனால் அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதம் கழித்து. திகதிக்கு முன்னால் போகலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

மே 23இல், பதினோராம் ஆண்டு முடித்து எழுதும் சாதாரண தரப் பரீட்சை தொடங்கியது. முதல் சில பாடங்கள் எழுதினான். கணிதத்துக்குப் போனவன் பாதியில் எழும்பி வந்து, பாடசாலை மதிலில் ஏறி நின்று பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அவன் இதை வாசிப்பான்.

ஜூலையில் கிளினிக்கில் மருந்து வந்தது. நிம்மதி என்று நினைத்தோம். முன்பு கொடுத்தது இளஞ்சிவப்பு, இது வெள்ளை. பெயர் வேறு, ஸ்ட்ரிப்பில் ஹிந்தி எழுத்து. "இது வேற மருந்து. என்னைத் தூங்க வைக்கத் தாறாங்க" என்று தட்டிவிட்டான். சந்தேகமே நோயின் ஒரு பகுதியாக இருக்கிற பிள்ளையிடம் நிறம் மாறிய மாத்திரையை ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? டவுனில் ஒரு ஃபாமசிக்காரர்தான் இரண்டு ஸ்ட்ரிப்பையும் பக்கத்தில் வைத்து, பெரிய எழுத்தைக் கையால் மறைத்து, "கீழ இருக்கிற சின்ன எழுத்தை மட்டும் வாசிங்க தம்பி" என்றார். இரண்டிலும் ஒரே பெயர். மூலப் பெயர், எந்தக் கம்பெனி செய்தாலும் மாறாத பெயர்.

வேடிக்கை என்னவென்றால், மருந்தைக் கம்பெனிப் பெயரால் இல்லாமல் மூலப் பெயரால் எழுத வேண்டும் என்று உலகத்துக்கே வழிகாட்டியவர்களில் ஒருவர் எங்கள் நாட்டுக்காரர், பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் அமைத்த அந்த மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவரும் அவரே. ஐம்பது வருடம் கழித்து அவருடைய பாடத்தை என் தம்பிக்கு எடுத்தவர் ஒரு கடைக்காரர்.

அந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. அவசரம் என்று வாங்கிய இம்யூனோகுளோபியுலின் என்ற ஊசி மருந்து தரமற்றது என்ற விவகாரம் 2023இல் வெடித்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதானார். டிவியில் அதைப் பார்த்துவிட்டு தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அந்த இரவு மாத்திரையைக் குடிக்க வைக்க ஒரு மணி நேரம் போனது.

இளைஞர் மனநலத்துக்கு என்ன இருந்தது என்றும் கேட்டீர்கள். 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தேசிய உளநல நிறுவனம் நடத்துவது, மூன்று மொழியிலும் கதைக்கலாம். ஒரு இரவு அடித்தேன். தமிழில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டார், அன்றைக்கு அது எனக்குப் பெரிய உதவி. மாத்திரை எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்வது அவருடைய வேலை இல்லை. மாத்திரை வைத்திருந்த கவுண்டருக்கோ, பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்பது வேலை இல்லை. சிறுவர் பாதுகாப்புக்கு 1929 இருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் இளைஞர்களுக்கென்று 'யொவுன் பியச' நிலையங்கள் இருக்கின்றன. அது சிங்களப் பெயர். நாங்கள் போன இடத்தில் பலகையில் தமிழிலும் 'யொவுன் பியச' என்றே எழுதியிருந்தது. மொழிபெயர்க்கவில்லை, எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள். தம்பி வாசித்துவிட்டு "இது யாரோட பேருக்கா?" என்று கேட்டான். டொக்டருடைய பெயர் என்று நினைத்திருக்கிறான்.

என்னைக் கேட்டால் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. இந்த மாதம் இந்த மருந்து வராது என்று கிளினிக்குக்கு முன்கூட்டியே தெரிந்தால், கொப்பியில் இருக்கிற ஃபோன் நம்பருக்கு ஒரு அழைப்பு, தமிழில். நிறுத்தாதீர்கள், வெட்டாதீர்கள், இந்தத் திகதிக்கு வாருங்கள், டொக்டர் மாற்றித் தருவார். இதற்கு டொலர் தேவையில்லை. தோட்டத்துக்கு நடந்து வரும் மிட்வைஃப் மிஸ்ஸின் பட்டியலில் கர்ப்பிணிகளின் பெயர் இருக்கிறது, குழந்தைகளின் நிறை இருக்கிறது. மருந்தில் இருக்கிற பையன்களின் பெயரையும் அதில் சேர்த்தால் போதும்.

இதே நிலைமையில் இப்போது யாராவது இருந்தால்: மூலப் பெயரை மனப்பாடம் செய்யுங்கள், கொப்பியின் கடைசிப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். மருந்து இல்லை என்று துண்டு தந்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், திரும்ப டொக்டரிடம் போய் நில்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. கண்டியில் அரச ஒசுசல, அதாவது மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடை, இருக்கிறது, முதலில் ஃபோன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் டொக்டரிடம் கேட்டு இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம், 2025 நவம்பர் கடைசியில், டித்வா புயலில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது எங்களைக் காப்பாற்றியது டின்னுக்குள் இருந்த அந்த இரண்டு வாரம்தான்.

தம்பி இப்போது கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறான். கணிதத்தை இரண்டாம் தரம் எழுதி 'சீ' (C) எடுத்தான். மாதா மாதம் மருந்து எடுத்தவுடன் ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவான், சின்ன எழுத்து தெரிகிற மாதிரி. இந்த மாதம் வந்தது ஊதா நிறம். கீழே "அதே பேர்தான், பாத்துட்டேன்" என்று எழுதியிருந்தான்.