அரசுக் காப்பீடு இருந்தும் குழந்தைகளின் தடுப்பூசி விகிதம் ஏன் பின்தங்குகிறது?

அமெரிக்காவில் குறைந்த வருமானத்தினருக்கான மெடிக்கெய்ட் என்னும் அரசுக் காப்பீட்டில் உள்ள குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசமாக இருந்தும், தனியார் காப்பீடு உள்ளவர்களைவிட அவர்களிடையே விகிதம் ஏன் குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலை ஒரு காலத்தில் உண்மையிலேயே பெருந்தடையாக இருந்தது. 1989 முதல் 1991 வரை அங்கே பரவிய தட்டம்மை சுமார் 55,000 பேரைத் தாக்கி, நூற்றுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. நோயுற்ற குழந்தைகளில் தடுப்பூசி பெறாத பலர் அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்தவர்களே என்பது பின்னர் தெரியவந்தது. காப்பீடற்ற பலரை மருத்துவர்கள் ஊசி போடாமல் அரசு மருத்துவ நிலையங்களுக்கு அனுப்பிவிட்டிருந்தனர். அதன் விளைவாக 1993இல் சட்டமாகி 1994இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி, மத்திய அரசே மருந்தைக் கொள்முதல் செய்து, மெடிக்கெய்ட் தகுதியுள்ள, காப்பீடற்ற, அமெரிக்கப் பூர்வகுடி சிறார்களுக்காக மருத்துவர்களுக்கு விலையின்றி வழங்குகிறது.

மருந்தின் விலை நீங்கினாலும் மற்றத் தடைகள் நீங்கவில்லை. மெடிக்கெய்ட் தரும் கட்டணம் குறைவு என்பதால் அந்நோயாளிகளை ஏற்க எல்லா மருத்துவர்களும் முன்வருவதில்லை. கூலியை இழக்காமல் விடுப்பெடுக்கப் பெற்றோர் பலரால் முடிவதில்லை. என் கணிப்பில் அதிகம் கவனிக்கப்படாதது, தகுதியைப் புதுப்பிக்கத் தவறிக் காப்பீடு இடையில் அறுந்துபோவதுதான்: அப்போதும் இலவச ஊசிக்கான தகுதி குழந்தைக்கு உண்டு, ஆனால் அடுத்த தவணையை நினைவூட்டும் வழக்கமான மருத்துவரின் தொடர்பு விட்டுப்போகிறது. காப்பீடே இல்லாத குழந்தைகளிடம் விகிதம் மிகக் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு காரணமாகலாம்.