சின்ன வயசுல வந்த மூட்டுவாதம் பெரியவங்களானா தானா சரியாயிடுமா?

உங்க மகளுக்கு 7 வயசு, இடது முழங்கால்ல மூட்டுவாதம். "பெரிய மனுஷியானா தானா போயிடும்"னு சொந்தத்துல சொல்றாங்க, நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. அதை நம்பி மருந்தை விட்டுடாதீங்க. எனக்கு 6 வயசுல வந்தது, இப்ப 34. ஊரு கோபிச்செட்டிபாளையம் பக்கம், வேலை திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆபீஸ்ல.

காலையில எந்திரிச்சா முழங்கால் மடங்காது. அம்மாயி வெந்நீர்ல துண்டை நனைச்சுச் சுத்திவிட்டு, "மெல்ல நட சாமி"ன்னு வாசல் வரைக்கும் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க. மத்தியானத்துக்குள்ள ஓடியாடிடுவேன். அதனாலயே "பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்குது"ன்னு பேச்சு. மஞ்சள் பத்து, முடக்கத்தான் தோசைன்னு 2 வருஷம் போயிடுச்சு. முடக்கத்தான் இன்னிக்கும் எங்க வீட்டுல சுடறதுதான். டாக்டரைத் தள்ளிப்போட்டதுதான் தப்பு.

வளர்ற வயசுல மூட்டு வீங்கியே கிடந்தா அந்தப் பக்கத்து எலும்பு வேகமா வளர்ந்துடலாம். என் இடது கால் அரை இன்ச் நீளம். வலது செருப்புக்குள்ள மட்டும் ஒரு அட்டை வெச்சுத்தான் இன்னிக்கும் நடக்கறேன்.

காலைவிட எனக்கு மனசு ஆறாதது கண்ணு. இந்த நோயில சில குழந்தைங்களுக்குக் கண்ணுக்குள்ள அழற்சி வரும். பெரும்பாலும் சிவக்காது, வலிக்காது, குழந்தைக்கே தெரியாது. 11 வயசுல கண்ணாடி போடப் போன இடத்துலதான் கண்டுபிடிச்சாங்க. என் வலது கண்ணோட பாப்பா வட்டமா இருக்காது, ஒரு ஓரம் ஒட்டி இழுத்துக்கிட்டு நிக்கும். அந்தக் கண்ணுல சின்ன எழுத்து தெரியாது.

பெரியவங்களான பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் தொடருது. ஆனா எங்க காலம் வேற, உங்க மக காலம் வேற. மூட்டு அழற்சியை அடக்கற மெத்தோட்ரெக்ஸேட் மருந்து (வாரத்துக்கு ஒரே தடவைதான், தினமும் இல்லை) கேக்கலைன்னா, அழற்சியைக் கிளப்பறதைக் குறிவெச்சுத் தடுக்கற பயாலஜிக் ஊசி அடுத்து இருக்கு. நான் படிச்சேன், கல்யாணம் ஆச்சு. டாக்டரைக் கேட்டு மெத்தோட்ரெக்ஸேட்டை முன்கூட்டியே நிறுத்திட்டுத்தான் குழந்தை பெத்தேன். பையனுக்கு 3 வயசு.

18 வயசுல ஹாஸ்டல் போனதும் குழந்தை டாக்டரை விட்டேன், பெரியவங்க டாக்டர்கிட்டயும் போகலை. ஒன்றரை வருஷத்துல மணிக்கட்டுக்கு வந்துடுச்சு. உங்க மகளுக்கு 14, 15 வயசாகறப்பவே மருந்து பேரு, ஊசி நாள் எல்லாம் அவ வாயால சொல்ற மாதிரி பழக்குங்க.

இப்போதைக்கு, கண் டாக்டர்கிட்ட ஸ்லிட் லேம்ப் பரிசோதனை (வெளிச்சம் அடிச்சுக் கண்ணுக்குள்ள பெரிசாக்கிப் பார்க்கறது) கடைசியா எப்ப பண்ணுனாங்கன்னு பாருங்க. ரத்தத்துல ஏஎன்ஏ (உடம்பு தன்னோட செல்லுக்கு எதிராவே உண்டாக்கற ஒரு எதிர்ப்புப் பொருள்) இருந்தா பெரும்பாலும் 3 மாசத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லுவாங்க. இதுவரைக்கும் பண்ணவே இல்லைன்னா இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.