டாக்டர் படிப்புக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மாட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடிக்கும் மகளுக்கு இங்கே மருத்துவ இடம் கிடைக்காதோ என்ற உங்கள் கவலை புரிகிறது. ஆனால் பெரியப்பா பேச்சைக் கேட்டு வீட்டை அடகு வைத்து அவளை வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனையை இன்றே விடுங்கள். பட்டத்தோடு திரும்பினாலும் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலின் (HPCSA) தேர்வில் தேறினால்தான் தொழில் செய்யலாம். கடன் வட்டி அதுவரை காத்திருக்காது. அதோடு, டாக்டராக வேண்டும் என்று அவள் சொன்னதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வெள்ளெலிக்குப் போட்ட தீனியை எடைபோட்டு நோட்டில் குறித்து வைக்கிறாள் என்றுதான் இருக்கிறது.

அந்தக் குணத்துக்கென்றே ஒரு வேலை உண்டு. உணவால் வரும் உடற்பருமனைச் சுண்டெலிகளில் ஆராய்வது. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் சி57பிஎல்/6ஜே என்ற இனத்தின் ஆறு வார வயதுள்ள ஆண் சுண்டெலிகளுக்கு, கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாலான தீனியை 12 முதல் 16 வாரம் கொடுப்பார்கள். பெண் சுண்டெலிகள் அவ்வளவு சீக்கிரம் பருக்காது. ஒப்பிடும் குழுவுக்கு அதே மூலப்பொருள்களில் செய்த, 10 சதவீதக் கொழுப்புத் தீனிதான் வேண்டும். சாதாரணத் தானியத் தீனியைப் போட்டால் நார்ச்சத்து மாறும், சோயாவிலுள்ள, ஹார்மோன் போல வேலைசெய்யும் தாவர ஈஸ்ட்ரோஜனும் சேரும். பிறகு எடை கூடியது கொழுப்பாலா, வேறெதனாலா என்று பிரிக்கவே முடியாது. பல ஆய்வுகள் சறுக்குவது இங்கேதான்.

கொழுப்புத் தீனி மெத்தென்று உதிரும். கூண்டடியில் சிந்தியதை நிறுக்காவிட்டால் அதுவும் தின்ற கணக்கில் போய்விடும். டர்பன் வெக்கையில் காறல் வாடை பிடிக்கும் என்பதால் குளிரில் வைத்து, வாரம் 2 முறையாவது மாற்றவேண்டும். 22 டிகிரி அறை நமக்கு இதம், சுண்டெலிக்கோ குளிர். உடம்பைச் சூடாக்கவே கலோரியைச் செலவழிக்கும். 30 டிகிரி வாக்கில்தான் அந்தச் செலவு அடங்கும். உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்கும் குளுக்கோஸ் சோதனைக்கு 6 மணி நேரம் பட்டினி, எடையில் கிலோவுக்கு 2 கிராம் குளுக்கோஸ் வீதம் வயிற்றறையில் ஊசி, 120 நிமிடம் வரை இடைவெளிவிட்டு வால்நுனியில் ஒரு சொட்டு ரத்தம். பருத்த எலிக்கு இந்தக் கணக்கில் குளுக்கோஸ் அதிகம் போய்விடும் என்று கொழுப்பு நீங்கிய எடையைப் பார்த்துப் போடுபவர்களும் உண்டு.

இந்த வேலைக்குப் படிக்க வேண்டியது உடலியங்கியல் அல்லது உயிர்வேதியியலில் 3 வருடப் பட்டம், மேலே 1 வருட ஆனர்ஸ். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலேயே ஆய்வு விலங்குக் கூடம் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவில்லை. கால்நடை மருத்துவக் கவுன்சிலில் ஆய்வு விலங்குத் தொழில்நுட்பருக்குத் தனிப் பதிவும் உண்டு. டாக்டர் சம்பளம் வராது, அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

கட்டணம் கட்டுமுன் மகளிடம் ஒன்று கேளுங்கள். வாராவாரம் கையில் தூக்கி எடைபோட்ட எலியைக் கடைசி நாளில் ஈரலை எடுத்து ஆராய்வதற்காக மயக்கி உயிரெடுக்க வேண்டியிருக்கும். முடியாது என்றால் அதே பட்டத்தோடு செல் வளர்ப்பு, மரபணு ஆய்வுப் பக்கம் போகலாம். பதிலை அவளே சொல்லட்டும், பெரியப்பா வேண்டாம்.