பில்லை விற்கும் முன் மைத்துனர் கணக்கு

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கிறேன். மாத விற்பனை 12 லட்சம், லாபம் சுமார் 10%. வாடிக்கையாளர்கள் 60 நாளில் பணம் தந்துவிடுகிறார்கள். ஆனாலும் சம்பளத் தேதி வந்தால் ஒன்றரை, இரண்டு லட்சம் துண்டு விழுகிறது. பில்லைக் கொடுத்தால் உடனே 80% பணம், மாதம் 3% கட்டணம்தான், இது கடனே இல்லை என்கிறது ஒரு ஃபேக்டரிங் நிறுவனம் (வாடிக்கையாளர் தரவேண்டிய பணத்துக்கான பில்லை வாங்கிக்கொள்ளும் நிறுவனம்). சேரலாமா? மனைவியின் அண்ணனும் மாதம் 2 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார். 7 மாத பாக்கி. உறவாயிற்றே என்று கேட்கவில்லை. பேரேட்டில் அவர் பக்கத்தை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பென்சில் பக்கத்தில்தான் உங்கள் சம்பளப் பணம் இருக்கிறது. 14 லட்சம்! அவருக்குச் சரக்கு செய்து கொடுக்கவே மாதம் 1.8 லட்சம் கையிலிருந்து போகிறது. கிட்டத்தட்ட துண்டு விழும் தொகை அதுதானே?

அவர் பில்லை ஃபேக்டரிங் நிறுவனம் பெரும்பாலும் வாங்காது. உறவினர் பில்களை ஒதுக்கிவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். ஒழுங்காகப் பணம் தருபவர்களின் பில்களைத்தான் கேட்பார்கள். அதாவது, நல்ல வாடிக்கையாளரின் பில்லை விற்று மைத்துனருக்குக் கடன் கொடுக்கப் போகிறீர்கள்.

அந்த 3% சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? மற்றவர்களின் 10 லட்சம் பில்லுக்கு 60 நாளில் கட்டணம் 60,000. கையில் வருவதோ 8 லட்சம். மீதி, கட்டணம் கழிந்து பிறகுதான் வரும். 8 லட்சத்துக்கு 60,000 என்றால் இரண்டு மாதத்துக்கு 7.5%, வருடத்துக்கு 45%. அந்த 10 லட்சத்தில் உங்கள் லாபமே ஒரு லட்சம்தான். அதில் பாதிக்கு மேல் போய்விடும். 'கடனே இல்லை' என்று சொல்லி விற்பவர்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. வாடிக்கையாளர் பணம் தராவிட்டால் திருப்பித் தரவேண்டியது நீங்கள்தான் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அதைக் கேட்டீர்களா?

இன்னொன்று. முதல் இரண்டொரு மாதம்தான் பணம் குவிந்தது போல இருக்கும். அப்புறம் வழக்கமான வரவுதான், கட்டணம் போக. நிறுத்தினாலோ, இரண்டு மாதம் அந்த மீதியைத் தவிர வரவே இருக்காது. புலிவாலைப் பிடித்த கதை.

மைத்துனரிடம் மனைவியைத் தூது அனுப்பாதீர்கள். நீங்களே பேரேட்டோடு போங்கள். இனி பணம் வைத்த பிறகே சரக்கு. பழைய பாக்கி 14 மாதத் தவணை, மாதம் ஒரு லட்சம். கோபப்பட்டு அவர் சரக்கு எடுப்பதை நிறுத்தினாலும் உங்களுக்கு 1.8 லட்சம் மிச்சம்தான். நடுவில் இரண்டொரு மாதம் சமாளிக்க வங்கி ஓவர்டிராஃப்ட் (கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுக்கும் வசதி) கேளுங்கள், பெரும்பாலும் இதைவிட மிக மலிவு.

லாபம் 25% வரும் பெரிய ஆர்டர் ஒன்று வந்து, மூலப்பொருள் வாங்கப் பணம் போதவில்லை என்றால் ஏற்கெனவே சரக்கு அனுப்பிய ஒரு பில்லை மட்டும் விற்கலாம். எல்லா பில்லையும் தரவேண்டும், வருடத்துக்கு இவ்வளவு குறைந்தபட்சக் கட்டணம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.