கீழே கிடக்கும் கூட்டைப் பொறுக்கலாமா?

கேள்வி: வாரக் கடைசியில் டர்பன் பக்கம் ஒரு ரேஞ்சில் 9 எம்எம் துப்பாக்கி சுடுகிறேன். தரையில் கிடக்கும் காலிப் பித்தளைத் தோட்டாக் கூடுகளை அள்ளிவந்து மறுபடி நிரப்பலாமா? எத்தனை தடவை தாங்கும்?
- வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: அள்ளலாம் தம்பி, ரேஞ்ச்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அது தெரிந்ததுதான். வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு காந்தத்தை மேலே ஓட்டுங்கள். ஒட்டுவது இரும்பு, தூக்கிப் போடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்: அடியில், நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் பாக்ஸர் வகை, நமக்கு ஆகும், இரண்டு சின்ன ஓட்டை தெரிந்தால் பெர்டன் வகை, அதில் பழைய பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடியை, தள்ளப் போனால் தள்ளும் ஊசிதான் உடையும். உள்சுவரில் படி மாதிரி விளிம்பு இருந்தாலும் வேண்டாம். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நசுக்கி வைத்திருப்பார்கள், அதைச் சீவாமல் புதியது ஒழுங்காக இறங்காது.

தடவைக் கணக்கை நம்பாதீர்கள், கூட்டைப் பாருங்கள். வாயில் மயிரிழை விரிசல் விட்டால் அதோடு சரி. கை நிறைய அள்ளிக் குலுக்கினால் நல்லவை கணகணவென்று ஒலிக்கும். விரிசல் விட்ட ஒன்று நடுவில் இருந்தாலும் சத்தம் செத்துப்போகும். புதிய பிரைமர் தடையே இல்லாமல் வழுக்கி இறங்கினால் அது உட்காரும் குழி தளர்ந்துவிட்டது, யோசிக்காமல் வீசுங்கள். நிக்கல் பூசியது பளபளக்கும், ஆனால் சீக்கிரம் வாய் கிழியும்.

ஒன்று, நான் சமையலறை வடிகட்டியில் கூட்டைச் சலித்து மனைவியிடம் மாட்டிக்கொண்டவன். பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது, தனிச் சல்லடை வாங்குங்கள்.