அடகுக்கடைக் காட்சியை இன்னொரு முறை போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் குடியிருக்கும் பகுதியில், ஒரு சிறு மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு படம் போடத் தொடங்கியிருக்கிறோம். முதலில் 2008 அமெரிக்க நிதி நெருக்கடி பற்றிய ஓர் ஆவணப்படம் போட்டோம். 60 பேர் வந்தார்கள். படம் முடிவதற்குள் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். ஆங்கில சப்டைட்டில் பலருக்கு எட்டவில்லை. சத்தம் எதிரொலித்தது, கூடவே ஓர் இரைச்சல். கலந்துரையாடலில் எங்கள் அமைப்பினர் மூவர் மட்டும் பேசினோம். எங்கே பிசகினோம்?

அன்புள்ள நண்பருக்கு,

படத்தைத் தேர்ந்தெடுத்தபோதே பாதிக் காரியம் கெட்டுவிட்டது. வீட்டுக்கடன்களை வங்கிகள் எப்படி மூட்டை கட்டி விற்றன என்று நிபுணர்கள் பேசிக்கொண்டே இருக்கும் படம் அது. ஆறு நாள் தையல் மெஷினில் உட்கார்ந்து எழுந்தவர் அதை ஆங்கில எழுத்தில் படித்துத் தொடர வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. அந்தப் படங்களும் வேண்டியவைதான். ஆறேழு மாதம் போகட்டும், 20 நிமிடத் துண்டாக எடுத்துப் போடலாம்.

அடுத்த மாதம் இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) போடுங்கள். 89 நிமிடம்தான். போருக்குப் பிந்தைய ரோம். வேலையில்லாத ஒருவனுக்குப் போஸ்டர் ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துப்போய் அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். கடை ஊழியர் அந்த விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியில் ஏறுகிறார், ஏறிக்கொண்டே இருக்கிறார். அடுக்கடுக்காக, உயரம்வரைக்கும் அதேபோன்ற மூட்டைகள். பொருளாதார நெருக்கடி என்றால் என்ன என்று அந்த ஒரு ஷாட் சொல்லிவிடும்.

சப்டைட்டிலை நம்பாதீர்கள். பெரியவர்கள் பலருக்கு அந்த வேகத்தில் படிக்க வராது. பின்குரல் கொடுங்கள், அதாவது படம் ஓடும்போதே வசனத்தைத் தமிழில் மைக்கில் படியுங்கள். சப்டைட்டில் ஃபைலை நோட்பேடில் திறந்து, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் ஆண், ஒரு பெண், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கு. எல்லா வரியையும் படிக்க வேண்டியதில்லை. சந்தைக் கூச்சல், தெருச் சண்டையெல்லாம் முகத்திலேயே புரியும். குரல் வரும்போது படத்தின் ஒலியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, மௌனம் வந்ததும் ஏற்றிவிட இன்னொருவர் வேண்டும். முழுப்படத்தோடு இரண்டு ஒத்திகை பாருங்கள். ஒரே ஒத்திகையோடு வந்தால் படிப்பவர் காட்சிக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பார்.

திரை 8 அடி அகலம் போதும். அகலத்திரைக் கணக்கில் (16:9) உயரம் நாலரை அடி. கடைசி வரிசை, உயரத்தைப் போல ஆறு மடங்குக்குள், அதாவது 27 அடிக்குள் இருக்க வேண்டும். பழைய படம் கிட்டத்தட்ட சதுரமாக வருவதால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அதை நிரப்புகிறேன் என்று படத்தை இழுத்தால் ஆட்கள் பருத்துத் தெரிவார்கள். தரையில் உட்கார்ந்தால் திரையின் அடி விளிம்பு 4 அடி உயரத்திலும் நாற்காலி என்றால் 5 அடியிலும் இருக்கட்டும். இருட்டான மண்டபத்துக்கு 3000 ஆன்சி லூமென்ஸ் (வெளிச்சத்தின் தர அளவு) புரொஜெக்டர் தாராளம். ‘ஆன்சி’ என்ற சொல் இல்லாமல் 9000 என்று விற்கும் மலிவுப் பெட்டிகளை வாங்கி ஏமாறாதீர்கள். த்ரோ ரேஷியோ (திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைப்பது என்ற கணக்கு) 1.5 என்றிருந்தால் 8 அடி அகலத்துக்குப் புரொஜெக்டரை 12 அடி தள்ளி வைக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் இரைச்சல் பெரும்பாலும் லேப்டாப் சார்ஜரிலிருந்து வருவது. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் படம் முடியும்வரை பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது ஒலி வயருக்கு நடுவில் இந்த இரைச்சலைத் தடுக்கும் ஐசொலேட்டர் போடுங்கள். எதிரொலிக்குக் காரணம் வெறும் சுவர். குழாய் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். திரைக்கு இரு பக்கமும் பாக்ஸ் ஸ்பீக்கரை 6 அடி உயரத்தில், கூட்டத்தைப் பார்த்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். பின்சுவரில் கனத்த ஜமக்காளம் தொங்கவிட்டால் வித்தியாசம் உடனே காதுக்குத் தெரியும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்குத்தான், மண்டபத்தில் ஓட்ட அல்ல. நம் நாட்டில் திரைப்படப் பதிப்புரிமை, படம் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். புதிய ஆவணப்படம் என்றால் இயக்குநருக்கே எழுதிக் கேளுங்கள். பொதுக்காட்சிக்குத் தணிக்கைச் சான்று கேட்கிறது 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். பிலிம் சொசைட்டியாகப் பதிவுசெய்து உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டும் வழியை ஒரு வழக்கறிஞரிடம் விசாரியுங்கள். பணத்துக்கு உண்டியல் போதும், டிக்கெட் வேண்டாம். மலையாள இயக்குநர் ஜான் ஆப்ரகாமும் நண்பர்களும் கேரளத்தில் ஒடேசா இயக்கம் தொடங்கி, ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் திரட்டிய காசில்தான் ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள்.

இனி கலந்துரையாடல். இதற்காகத்தான் மற்றதெல்லாம். 6.45க்குப் படம் தொடங்கினால் 8.15க்கு முடியும். உடனே எல்லா விளக்கையும் போட வேண்டாம், பின்பக்க விளக்கு மட்டும் எரியட்டும். “படம் எப்படி?” என்று கேட்டால் “நல்லாருந்துச்சுங்க” என்பார்கள், பேச்சு அதோடு முடிந்துவிடும். ஒன்றும் பேசாமல் அடகுக்கடைக் காட்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள் (நேரத்தை முன்பே குறித்து வையுங்கள்). பிறகு ஒரே கேள்வி: “நம்ம தெருவிலிருந்து அந்த அலமாரிக்கு என்னென்ன போயிருக்கும்?” முதலில் பெண்களிடம் கேளுங்கள். நகைக்கடன், குழுக்கடன், வாரத் தவணை எல்லாம் தானாக வந்து விழும். உங்கள் அமைப்பினர் முதல் அரை மணி வாய் திறக்கக் கூடாது.

“என்ன இருந்தாலும் அவன் கடைசியில் இன்னொருத்தர் சைக்கிளைத் திருடலாமா?” என்று ஒருவர் நிச்சயம் தொடங்குவார். பேச்சு அங்கேயே சுற்ற ஆரம்பித்தால், மீட்ட சைக்கிள் திருடுபோனதும் வரும் போலீஸ் நிலையக் காட்சியை நினைவுபடுத்துங்கள். புகாரை எழுதிக்கொண்டு, சைக்கிளை நீயே தேடிக்கொள் என்று அனுப்பிவிடுகிறார்கள். அவன் யார் யாரிடம் போய் நின்றான், ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகக் கேளுங்கள். பேச்சு அவன் ஒழுக்கத்தை விட்டு, அவனைக் கைவிட்ட இடங்களுக்கு வந்துவிடும்.

9.15க்கு முடியுங்கள், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் இருப்பார்கள். அன்றைய பேச்சிலிருந்தே அடுத்த படத்தை எடுங்கள். வீடு காலி செய்யச் சொல்வது பற்றிப் பேசினார்களா, பம்பாய் நடைபாதைவாசிகள் பற்றிய ஆனந்த் பட்வர்தனின் 1985 படம் இருக்கிறது. தூய்மைப் பணி பற்றிப் பேச்சு வந்தால் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017). அது தமிழ், பின்குரல் தேவையில்லை. ஆனால் அந்தத் தெருவின் தூய்மைப் பணியாளர்களிடம் முதலில் தனியாகப் போட்டுக் காட்டுங்கள். அதைப் பொதுவில் காட்டலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும்.